ஒன்றுவிட்ட தம்பி

மகேஸ்வரன் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சுவிஸ் நாட்டின் துன் நகரத்து ஹோட்டலில் கோப்பை கழுவியவர்களில் முதலாளியை எதிர்த்துக் கதைக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அந்தப் பிடிவாதமே கடைசியில் அவன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

1986 மாரியில், பனி உறைந்த பாதையில் கார் சறுக்கி, குகதாசனும் மனைவியும் செத்துப்போனார்கள். மூன்று வயது மகள் யசோதரா அன்று மகேஸ்வரன் வீட்டில் நின்றதால் தப்பினாள். குகதாசன் அவனுடைய சித்தப்பாவின் மகன்; யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே வளவுக்குள் ஒரே கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பிள்ளையில்லாத மகேஸ்வரனும் மனைவி சிவகலாவும் குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். பெரியப்பன் இருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் இந்த நாட்டில், தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதை அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். பிள்ளைக்கு வரும் சொத்தும் அவர்கள் பொறுப்பு. மகேஸ்வரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மொழிபெயர்க்க வந்த தில்லைநாதன் விஷயம் தெரிந்த மனிதர்.

“தம்பி, குகதாசனும் நீரும் ஒரே தாய் தகப்பனோ எண்டு கேக்கினம். ஒண்டுவிட்ட தம்பியெண்டால் அப்பிடியே சொல்லும்.”

மகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் வாயில் வராத சொல். செத்தபிறகா அவனைத் தள்ளிவைப்பது?

“என்னத்தை விட்டது அண்ணை? அவன் என்ர கூடப்பிறந்தவன். அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ.”

எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களில் ஊரிலிருந்து இருவரின் பிறப்புப் பத்திரங்களும் வந்து சேர்ந்தன. தாயும் வேறு, தகப்பனும் வேறு. அதிகாரி கோபப்படவேயில்லை. பொய் சொன்ன ஒருவரை நம்பிப் பிள்ளையையும் விபத்துக் காப்புறுதிப் பணத்தையும் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். அப்படியொரு பணம் இருப்பதே மகேஸ்வரனுக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் ஆட்கள் சித்தப்பா மகனையும் தம்பி என்றுதான் சொல்வார்கள் என்று தில்லைநாதன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஆனால் ‘கூடப்பிறந்தவன்’ என்று இவன் வாயால் சொன்னது சொன்னதுதானே.

யசோதராவைப் பேர்ண் நகரில் ஒரு சுவிஸ் குடும்பத்திடம் கொடுத்தார்கள். சிவகலா அவளுடைய சின்னச் சட்டைகளைத் தோய்த்து மடித்துக் கொடுத்துவிட்டு, வெறும் கட்டிலைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மகேஸ்வரன் அழவில்லை. வேலையில் கோப்பைகளை உடைத்தான்.

மாதம் ஒருமுறை பார்க்க அனுமதித்தார்கள். முதல் தடவை தில்லைநாதனும் கூடப் போனார். வாசலில் நின்ற அதிகாரிப் பெண் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

மகேஸ்வரன் தில்லைநாதன் பக்கம் திரும்பினான். “ஒண்டுவிட்ட தம்பியின்ர பிள்ளை எண்டு சொல்லுங்கோ அண்ணை.” சொல்லும்போதே குகதாசனை இரண்டாம் தரம் சாகக்கொடுத்ததுபோல அவனுக்கு நெஞ்சு வெடித்தது.

அதற்குள் உள்ளேயிருந்து ஓடிவந்த யசோதரா, “பெரியப்பா!” என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். குனியப்போனவன் அப்படியே நின்றான்.

“அண்ணை, பிள்ளையைத் தூக்கலாமோ எண்டு ஒருக்கா கேளுங்கோ.”