பெட்டி வராத பூசை

பதறாத காரியம் சிதறாது என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். நான் பதறவில்லை. செய்ததற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை.

என்ரை மனிசன் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து, ஆக்களின் வீடு கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் சாமியை விட்டவர். சண்டை பிடித்து விடவில்லை. "நான் கூப்பிட்டனான், ஆரும் வரேல்லை, அவ்வளவுதான்" என்பார். ஞாயிறு காலையில் எங்கட சனம் கோயிலுக்குப் போக, இவர் நகர நடுவில் ஒரு மடக்கு மேசைக்குப் போவார். கடவுள் நம்பிக்கை இல்லாத இத்தாலியர் கொஞ்சப் பேர் அதில் நிற்பார்கள். இந்த நாட்டில் பிறந்தாலும் சிலுவை, படித்தாலும் சிலுவை, செத்தாலும் சிலுவை. விரும்புகிறவன் வைத்துக்கொள்ளட்டும், வேண்டாமென்கிறவனுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கவேணும் என்பது அவர்களுடைய வழக்கு. மதமில்லாமல் சாகிறவர்களை வழியனுப்ப நகரசபை ஒரு மண்டபம் தரவேணும் என்று கையெழுத்துச் சேர்த்தார்கள். இவரும் தன்ரை அரைகுறை இத்தாலியனில் போறவாறவர்களை மறித்துக் கேட்பார். ஒரு கிழவி கையெழுத்தையும் போட்டுவிட்டு, இவர் நெற்றியில் சிலுவையும் போட்டுவிட்டுப் போனாளாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இவருடைய அண்ணன் சிரிக்கிற ஆள் இல்லை. கோயில் பங்கில் எங்கட தமிழாக்களுக்குத் தலைவர் அவர்தான். கலியாணமோ திருநாளோ, சொந்தத் தம்பிக்குக் கடைசி வரிசையில்தான் கதிரை. ஒரு ஞானஸ்நான விருந்தில், சாப்பாட்டுக் கோப்பையோடு நின்ற இவரைப் பார்த்து, "சாமி வேண்டாம், சாமியின்ரை பேரிலை சமைச்ச புரியாணி மட்டும் வேணுமோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். "புரியாணி இன்னும் ஞானஸ்நானம் எடுக்கேல்லை அண்ணை" என்றார் இவர். சனம் சிரித்தது. ஆனால் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அன்று வீட்டில் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டோம்.

பிறகு ஈரல் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அண்ணனுக்கு முகத்துக்கு நேரே சொன்னார்: "எனக்கு அவஸ்தை பூசக்கூடாது. பாதர் இஞ்சை வரக்கூடாது." சாகக் கிடக்கிறவர்களுக்குப் பாதர் வந்து எண்ணெய் பூசுவதைத்தான் நாங்கள் அவஸ்தை பூசுதல் என்கிறது. "ஓம் தம்பி, ஓம்" என்று அண்ணன் தலையாட்டினார். எனக்கு அவர் அத்தான்.

ஒரு பின்னேரம் அத்தான் என்னிடம், "களைச்சுப் போனாய் பிள்ளை. கீழை போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வா. நான் இருக்கிறன்" என்றார். என்ன கரிசனை என்று நினைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பாதர் எனக்கு எதிரே நடந்து வந்து, ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே மருந்து மயக்கத்தில் கிடந்த இவருடைய நெற்றி பளபளவென்று மினுங்கியது. அத்தான் அதற்குள் போய்விட்டார்.

கண் விழித்ததும் மணத்திலேயே பிடித்துவிட்டார். "துடை" என்றார். அவருக்குக் கை தூக்க ஏலாது. நான் ரிஷூ எடுத்து நெற்றியையும் உள்ளங்கைகளையும் துடைத்தேன். "இனி என்னாலை எழும்ப ஏலாது. என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோக விடாதை" என்றார். விடமாட்டேன் என்று சொன்னேன். மிச்ச ரிஷூப் பக்கற்றைக் கைப்பைக்குள் போட்டேன்.

அவர் கண்மூடி ஒரு பொழுது போகவில்லை, வட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது. சிலுவை, பூ, நடுவில் இவர். இறைவனடி சேர்ந்தார், சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை. பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து மன்னார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கட வழக்கம் அது. செத்தவீடு என்றால் அண்ணன் அறிவிப்பார், பங்கு பாடும், பெண்சாதி அழுவாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் மட்டும் இல்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் என்ரை வேலையைத் தொடங்கினேன்.

சவப்பெட்டிக் கொம்பனிக்கு வேறு வழக்கம். அவர்கள் பெண்சாதியைத்தான் கேட்பார்கள். "எந்தக் கோயில், சிஞ்ஞோரா?" என்றான் வந்தவன். "கோயில் இல்லை" என்றேன். மேசைக்காரர் கேட்டுக்கேட்டு அலைந்த மண்டபம் ஒருவழியாக நகரத்தில் ஒரேத்தோப் பக்கம் கிடைத்திருந்தது. அங்கே, அதே சனிக்கிழமை, அதே பத்து மணி.

லிபெர்த்தாத் தெருவில் நான் சம்பளத்துக்குப் பராமரிக்கிற கிழவிக்கு மட்டும் சொன்னேன். படுக்கையிலும் செபமாலையை விடாத மனுசி. ஏசுவாளோ என்று பார்த்தேன். "எனக்குப் பூசை வேணும், ஆரும் தடுத்தால் விடமாட்டன். அவருக்கு வேண்டாமெண்டால் அவரையும் ஆரும் இழுக்கக்கூடாது" என்றாள். பிறகு கண்ணைச் சிமிட்டி, தங்கட சிசிலிப் பழமொழி ஒன்றையும் சொன்னாள்: மிகநல்ல சொல், சொல்லாமல் விட்ட சொல்தானாம்.

வெள்ளிக்கிழமை அத்தான் வந்தார். "எல்லாம் ஒழுங்குபண்ணியாச்சு. நீ ஒண்டுக்கும் யோசியாதை."

"நான் யோசிக்கேல்லை அத்தான்" என்றேன். பொய்யில்லை. யோசித்து முடித்திருந்தேன்.

மண்டபத்துச் சுவரில் சிலுவை கொழுவ ஒரு ஆணிகூட இல்லை. கோயிலுக்கென்றால் பெட்டியை மூடித்தான் கொண்டுபோவார்கள், இங்கே கடைசிவரை திறந்து வைக்கலாம் என்றார்கள். மேசைக்காரர்களோடு இருந்தேன். பத்து தாண்டியதும் ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. கொஞ்சநேரம் அடிக்கவிட்டு எடுத்தேன்.

"பிள்ளை, எங்கை நிக்கிறியள்? பாதர் உடுத்திக்கொண்டு நிக்கிறார். கோயில் நிறைஞ்ச சனம். பெட்டியைக் காணேல்லை."

"பெட்டி இஞ்சை ஒரேத்தோ மண்டபத்திலை இருக்கு அத்தான்."

"அங்கையோ? அப்ப பூசை?"

"செய்யுங்கோ. ஆள் மயங்கிக் கிடக்கேக்கை எண்ணெய் பூசலாமெண்டால், ஆள் இல்லாமல் பூசையும் வைக்கலாம்தானே."

"பெட்டி ஒரேத்தோவிலையாம்" என்று அத்தான் அங்கே சனத்துக்குச் சொல்வது ரெலிபோனில் கேட்டது. அது எனக்குப் பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. செத்தவீட்டில் இவளுக்குப் பாயாசமோ என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கறுப்பு உடுப்போடு, கோயிலில் வைத்த மலர்வளையங்களையும் தூக்கிக்கொண்டு, காரிலும் பஸ்ஸிலும் சனம் வந்து சேர்ந்தது. சிலர் என்னை முறைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என் காதுக்குள், "வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்து எல்லாருக்கும் கழுத்துப் பிடிச்சிட்டுது அக்கா. பாட்டுக்காரர் ஒரே பாட்டையே பாடிக்கொண்டு நிண்டவை" என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வராமல் வாயைப் பொத்தினாள்.

கடைசியாக வந்தது அத்தான். கடைசி வரிசையில்தான் கதிரை மிச்சம் இருந்தது. நான் ஒதுக்கி வைக்கவில்லை, அப்படி அமைந்தது. அமைந்ததில் எனக்குச் சந்தோசம்.

மேசைக்காரர் ஒருவர் அந்தச் சிலுவை போட்ட கிழவியின் கதையைச் சொன்னார். எங்கட சனமும் சிரித்தது. அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூட ஆக்கள் வந்தபோது அத்தான் எழும்பி முன்னுக்கு வந்தார். கையில் செபமாலை. நான் அதைப் பார்த்தேன். பொக்கற்றுக்குள் வைத்தார்.

"நெத்தியை ஒருக்காத் தொடட்டோ?" என்றார்.

"கையைக் காட்டுங்கோ அத்தான்."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் கைப்பையைத் திறந்து அந்த ரிஷூப் பக்கற்றை நீட்டினேன்.

"கை காய்ஞ்சுதான் இருக்கு, பிள்ளை."

"இருக்கட்டும். துடையுங்கோ."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தான் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்தபிறகுதான் நான் விலகி வழிவிட்டேன்.