மீசையும் நலவாரிய அட்டையும்

செல்போன் செயலி சொல்லும் இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தொழிலில் மேலதிகாரியின் முகம் நமக்குத் தெரியாது. நம் முகத்தை மட்டும் அடிக்கடி காட்ட வேண்டும். வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடியபின், ஐம்பத்துமூன்று வயதில் இதற்கு வந்தேன். வந்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதே பையை முதுகில் சுமக்கும் நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஐந்தருவியில் நான்கு எண்கள்

சாரல் காலம். ஐந்தருவிக்குப் பரோட்டா ஆர்டர். கேட்டவர் உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆண்கள் பக்கம் நிற்கிறார். ரகசிய எண்ணைச் சொன்னால்தான் பொட்டலத்தைக் கொடுக்கலாம் என்பது கம்பெனிச் சட்டம். எண் அவர் மனைவியின் போனில். மனைவி போனைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம், அருவிக்கு அடியில்.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பரோட்டா சொன்ன அம்மா!" என்று கூவினேன். ஏழெட்டு அம்மாக்கள் திரும்பினார்கள். கடைசியில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் உள்ளே போய், தொப்பலாக நனைந்து, எண்ணோடு வந்தார். "நாலு பரோட்டாவுக்கு இம்புட்டு காவலா? ஜெயில்ல கூட இப்படிக் கேக்க மாட்டாங்களே அண்ணாச்சி!"

பங்குதாரர்

திரும்பும்போது குத்துக்கல்வலசையில் வண்டி வழுக்கி முழங்கால் வீங்கிவிட்டது. கம்பெனிக்கு எழுதினேன். 'நீங்கள் தொழிலாளி அல்ல, எங்கள் பங்குதாரர்' என்று பதில் வந்தது. எதில் பங்கு என்று மூன்று நாள் யோசித்தேன். என் வயதுக்காரரும் இதே வேலை பார்ப்பவருமான செல்லத்துரை விளக்கினார்: "லாபம் அவுகளுக்கு, வழுக்குதது உமக்கு. பாதிக்குப் பாதிதான வே!"

முகம் பொருந்தவில்லை

எங்களைப் போன்றவர்களுக்கு அரசின் தொழிலாளர் நலவாரிய அட்டை கொடுக்கத் தென்காசியில் ஒருநாள் முகாம் போட்டார்கள். அட்டை இருந்தால் அடுத்த விபத்துக்காவது உதவி கிடைக்கும். செயலியில் நம் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் காட்ட வேண்டும்.

அட்டையில் படம் நன்றாக விழட்டுமே என்று முந்தின நாள் நரைத்த மீசைக்குச் சாயம் பூசினேன். காலையில் செயலி முகம் கேட்டது. காட்டினேன். 'முகம் பொருந்தவில்லை' என்று கணக்கை நிறுத்திவிட்டது. நான் யார் என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. இயந்திரமும் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆறுதலுக்கு மனைவியைப் பார்த்தேன். "இருவத்தெட்டு வருசமா பாக்கேன், எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

விரல்

முகாம் முடிய ஒரு மணி நேரம் இருந்தது. செல்லத்துரை என்னை முகாமுக்கு எதிரே இருந்த சலூனுக்கு இழுத்துப்போய் மீசையை எடுக்க வைத்தார். கல்யாணத்துக்கும் முந்திய மீசை. மறுபடி முகத்தைக் காட்டினேன்; செயலி உடனே ஏற்றுக்கொண்டது.

ஓடிப்போய் வரிசையில் நின்றேன். அலுவலர் அம்மா ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆதாரில் பெரிய மீசை.

"இவரு வரலையா?"

"நான்தாம்மா அது." சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

ரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொன்னார். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையை நீட்டியபடி அந்த அம்மா சொன்னார்: "நல்ல வேள அண்ணாச்சி, வெரல்ல மீச மொளைக்கல."

ஆக, தொழிலாளி என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டுவிட்டது. புருஷன் என்று வீட்டில் ஒத்துக்கொள்ளத்தான் இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம்.