என்ன மாதிரி படம்மா இது?

தியேட்டர் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுப்பது பெரிய விஷயமே இல்லை. ‘என்ன மாதிரி படம்?’ என்று கேட்பவருக்குப் பதில் கொடுப்பதுதான் வேலை.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி நாலு ஸ்கிரீன் உள்ள தியேட்டர். ஒன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். இப்போது முக்கால்வாசிப் பேர் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பதற்கென்றே வருகிறவர்கள். மருந்துக்கடையில், பேங்கில், ரயில்வே விசாரணையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

எங்கள் மேனேஜர் வாராவாரம் வியாழக்கிழமை ஒரு சீட்டு எழுதி, கண்ணாடிக்கு உள்பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி ஒட்டுவார். ஒன்று, அடிதடி. இரண்டு, குடும்பம். மூன்று, பேய். நான்கு, காமெடி. போஸ்டரைப் பார்த்துத்தான் எழுதுவார். அதைப் பார்த்து நான் சொல்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், பல வருஷம் ஒரு படத்தைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்தது கிடையாது.

நாலு பாட்டு

பெருங்களத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அடிதடியா, காதலா, எதுவும் கேட்க மாட்டார். குனிந்து கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “பாட்டு எத்தனைம்மா?” என்பார். நாலு என்றால் டிக்கெட் எடுப்பார். ஒன்று என்றால் யோசிப்பார். சங்கீதப் பிரியர் போலிருக்கிறது என்று நானும் மரியாதையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சீட்டில் ‘திரில்லர்’ என்று இருந்தது. பாட்டு இருக்கும் சார், நல்லா இருக்கும் சார் என்று அடித்துவிட்டேன். படத்தில் பாட்டே இல்லை. இடைவேளையில் வியர்த்துக்கொண்டு வேகமாக வந்தார். நேராக பாத்ரூமுக்குப் போனார், திரும்பி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். “எனக்கு சுகர்ம்மா. பாட்டு வந்தாத்தான் நான் எழுந்து போயிட்டு வர முடியும். கதை ஓடும்போது போனா கொலைகாரன் யாருன்னு தெரியாமப் போயிடுது. பாட்டில்லாம படம் எடுக்கிறவனுக்கு ஒரு நாள் சுகர் வரட்டும், அப்பத் தெரியும்!”

யாராவது சாவாங்களா?

பீர்க்கன்கரணையில் இருந்து ஏழுமலை அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர். முதல் தடவை வந்தபோது ஆட்டோவுக்குள் அவர் சம்சாரம் அம்சா அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். “நாலாவது ஸ்கிரீன் படத்துல யாராவது சாவாங்களா?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காமெடி படத்துல யாருண்ணா சாவாங்க? தைரியமா போங்க” என்றேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இடைவேளை முடிந்து அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அக்கா ஆட்டோவில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அண்ணன் என்னிடம் வந்தார். சண்டைதான் போடப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவர்கள் மகள் பவி, ஆறாவது படித்தவள், காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாளாம். “வூட்ல அவ ஸ்கூல் பையையே பாத்துகினு குந்திகினு கீறா. கோயிலுக்குக் கூப்ட்டா வர்ல. சொந்தக்காரங்க வூட்டுக்கும் வர்ல. சினிமான்னா மட்டும் சரின்னா. மூணு மணி நேரம் அந்தப் பையைப் பாக்காம இருப்பாளேன்னு இட்டுகினு வந்தேன்.” படத்தில் இரண்டாவது பாதியில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்களாம். டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். போகும்போதுதான் கேட்டார், “நீ அந்தப் படத்தைப் பாத்தியாம்மா?”

அகமா, புறமா?

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் படம் பார்க்க ஆரம்பித்தேன். காலைக் காட்சியில் பக்கத்து சீட் சுகன்யாவிடம் கவுன்ட்டரை ஒப்படைத்துவிட்டு உள்ளே போய் ஓரமாக நின்றுகொள்வேன். ஒரே வாரத்தில் நாலு படம், கால் வீங்கிப்போகும். மேனேஜர் சீட்டுக்குப் பின்பக்கம் பென்சிலில் என் கணக்கை எழுதிவைப்பேன். ஒன்றாவது, ஏழு சாவு, எல்லாம் அடியாட்கள். இரண்டாவது, தாத்தா மட்டும், இடைவேளைக்கு அப்புறம். ஏழுமலை அண்ணன் வந்து ஓட்டையில் கையை வைத்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அண்ணனும் அக்காவும் மூன்று மணி நேரம் முழுசாக உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அக்கா சிரித்து மட்டும் நான் பார்த்ததில்லை.

இந்தப் புது ஞானத்தை நான் எல்லாரிடமும் காட்டப்போய் சாமுவேல் சாரிடம் மாட்டிக்கொண்டேன். கிழக்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாராக இருந்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான். காதல் என்றால் அகம், சண்டை என்றால் புறம். அந்த வாரம் கதாநாயகன் காதலிக்காக ஊரையே அடிக்கிறான். “இது எதுல சேரும் சார், நீங்களே சொல்லுங்க” என்று மடக்கினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், பின்னால் பதினைந்து பேர் முணுமுணுக்கிறார்கள், மனிதர் அசரவில்லை. “இடைவேளை வரைக்கும் அகம், மிச்சம் புறம். ரெண்டுக்கும் சேத்து ஒரே டிக்கெட்தானேம்மா, குடு!”

மூணாவது ஸ்கிரீன்

போன மாதம் ஒரு பேய்ப் படம் வந்தது. வாடகை ஃபிளாட்டில் செத்துப்போன ஒரு பெண் குழந்தை பேயாக வந்து தன் அம்மாவையே சுற்றிச் சுற்றி வரும். பார்த்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் ‘அண்ணனுக்குக் கூடவே கூடாது’ என்று கோடு போட்டு எழுதினேன். அன்று மேட்னிக்கு முன்னால் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் ஏழுமலை அண்ணனின் ஆட்டோ நிற்கிறது, ஆளைக் காணோம். சுகன்யா சாவகாசமாகச் சொன்னாள், “யாராவது சாவாங்களான்னு கேட்டாருக்கா. அந்தப் பொண்ணு படம் ஆரம்பிக்கும்போதே செத்திருக்கும், அதுக்கப்புறம் யாருமே சாகலைன்னு சொன்னேன். சரிதானே?”

அடிப்பாவி! மூன்றாவது ஸ்கிரீனுக்கு ஓடினேன். படம் ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது, உள்ளே ஒரே அலறல். போய்க் கூப்பிடலாமா, வேண்டாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடைவேளையில் அண்ணன் மட்டும் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “எந்திரிம்மா, போலாம்னேன். மாட்டேன்றா” என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் உள்ளே போய்விட்டார். என்னால் கவுன்ட்டரில் உட்காரவே முடியவில்லை. ஒருவருக்கு மூன்று டிக்கெட்டுக்குப் பதில் நாலு கொடுத்தேன்.

படம் விட்டதும் அம்சா அக்காவே நேராக என்னிடம் வந்தார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறார், ஆனால் முந்தானை வாயில் இல்லை. ஓட்டைக்குள் கையை நீட்டி நாளைக்கும் இதே படத்துக்கு ரெண்டு டிக்கெட் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “மத்தப் படத்துல எல்லாம் போனா போனதுதான். இதுலதான் அந்தப் பொண்ணு திரும்பி வருது, அம்மா பக்கத்துல வந்து குந்திக்குது. புள்ள அம்மாகிட்ட வர்றதைப் பாத்து இன்னாத்துக்கும்மா எல்லாரும் கத்தறாங்க?”

இரண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, சீட்டில் மூன்றுக்கு நேரே இருந்த ‘பேய்’ என்பதை அடித்து ‘குடும்பம்’ என்று எழுதினேன். மேனேஜர் கேட்டால், நீங்கள் முதலில் படத்தைப் பாருங்கள் சார் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.