எழும்பாத பந்து

ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு பந்து. நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடத்துக்கு முந்நூறு நாள், மொத்தம் பத்தொன்பது வருடம். பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டுகிறது. அத்தனை பந்தையும் திருப்பி அடித்த வலது மணிக்கட்டின் தசைநார், சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிழிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மேல்வீட்டில் யாரோ காகிதத்தைக் கிழித்த மாதிரி இருந்தது என்கிறார் மணிக்கட்டின் சொந்தக்காரர்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. டென்னிஸ் கிளப்பில் எல்லோருக்கும் அவர் சுவர். எதை அடித்தாலும் திரும்பி வரும் என்பதால் வந்த பெயர். அலுவலகத்துக்கு அவரைக் கேட்டு போன் வந்தால்கூட "சுவரக்கா, உங்களுக்குத்தான்" என்றே கூப்பிடுவார்கள். லீவு கேட்கும்போதெல்லாம் "சுவருக்கு எதுக்குக்கா லீவு?" என்று எழுத்தர் கேட்பார். பத்தொன்பது வருடமாக அதே ஜோக். அவரும் பத்தொன்பது வருடமாகச் சிரித்துவைக்கிறார்.

அவருடைய வேலைக்கு பந்து போடுவது என்று பெயர். ஆட ஆள் கிடைக்காத உறுப்பினருக்கு எதிரே நின்று ஆட வேண்டும். பயிற்சியாளர் இல்லை, அதனால் யாரையும் திருத்தக் கூடாது. போட்டியாளரும் இல்லை, அதனால் ஜெயிக்கக் கூடாது. பந்து உறுப்பினரின் இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அவர் கைக்குத் தோதான இடத்தில் வந்து நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் பதினொரு புள்ளிக்கு ஓர் ஆட்டம் நடக்கும். உறுப்பினருக்குப் பதினொன்று, சுவருக்கு எட்டு அல்லது ஒன்பது. ஐந்தில் தோற்றால் விட்டுக்கொடுத்தது தெரிந்துவிடும். எட்டில் தோற்றால் உறுப்பினர் விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போவார். இப்படித் தோற்பதற்குப் பழக மூன்று வருடம் ஆனதாம்.

அலுவலகச் சுவரில் ஒரு பலகை. பந்து போடுபவர்கள் நான்கு பேருக்கும் வரிசையாகக் கொக்கிகள். உறுப்பினர் தனக்கு வேண்டியவரின் கொக்கியில் தன் அட்டையை மாட்டிவிட்டு ஆடப் போவார். ஆடி முடித்ததும் திருப்தி என்றால் அட்டை அங்கேயே இருக்கும், சனிக்கிழமை மாலை எழுத்தர் எண்ணி எடுப்பார். திருப்தி இல்லையென்றால் போகும்போதே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வாரத்துக்கு இருபது அட்டை வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் குறைந்தால் முழு நேர வேலை அரை நேரமாகும். அரை நேரக்காரர்களுக்கு வீடு கிடையாது.

வீடு என்பது பம்ப் அறைக்குப் பின்னால் இரண்டு அறைகள். காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டால் பாத்திர அலமாரி முழுக்க அதிரும். மழை பெய்தால் குளியலறை வாசலில் ஒரு வாளி வைக்க வேண்டும். ஆனால் மகளின் பள்ளிக்கூடம் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், மணி அடித்த பிறகு கிளம்பினாலும் போய்விடலாம். அவளுக்கு இது கடைசி வருடம், பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே அவர் சம்பாத்தியத்தையும் நேரத்தையும் நம்பி எதையும் திட்டமிட முடியாது. அந்த இரண்டு அறைகள்தான் குடும்பத்தின் அச்சாணி.

எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் மட்டையைத் தொடாதீர்கள் என்றார். சுவர் கிளப்பில் சொன்னது சுளுக்கு என்று. வாங்கியது இரண்டு வாரம் லீவு, லீவு வாரங்கள் அட்டைக் கணக்கில் சேராது.

அவருடைய ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்க அடி, எல்லாம் டாப் ஸ்பின். மட்டையைக் கீழிருந்து மேலே கொண்டுபோய்ப் பந்தின் முதுகை வருடி விடுவது. வலையைத் தாண்டி உயரமாகப் போய், விழுந்து, நன்றாக எழும்பும். இடுப்பு உயரத்துக்குப் பந்து தர அதைவிட வசதி இல்லை. ஆனால் வருடும் அந்தக் கணத்தில் மணிக்கட்டு புரள வேண்டும். புரண்டால் கண்ணில் பூச்சி பறந்தது.

லீவின் மூன்றாவது நாள், பெஞ்சில் உட்கார்ந்து பல் டாக்டரின் ஆட்டத்தைப் பார்த்தார். பல் டாக்டர் கிளப்பின் தலைவலி. ஐம்பது வயது, தொப்பை, ஓட மாட்டார், குனிய மாட்டார். வருகிற எல்லாப் பந்தையும் வெட்டியே அனுப்புவார். ஸ்லைஸ் என்று புத்தகத்தில் பெயர், கிளப்பில் வெட்டு. அவர் பந்து தரையைத் தொட்டதும் எழும்பாமல் முழங்காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு ஓடும். அவரோடு ஒரு மணி நேரம் ஆடியவர்கள் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பத்தொன்பது வருடமாகச் சுவரும் அப்படி நடந்தவர்தான். அன்று முதல்முறையாக டாக்டரின் மணிக்கட்டைப் பார்த்தார். அது அசையவே இல்லை.

எப்படி அடிக்கிறீர்கள் என்று போய்க் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? சோம்பேறித்தனம்தான்மா. எனக்கு வேற அடி வராது" என்றார் பல் டாக்டர்.

கற்றுத்தர அவருக்கு வரவில்லை. ஆனால் பார்க்க விட்டார். சுவர் பத்து நாள் பார்த்தார். மட்டையைச் சுத்தியல் பிடிப்பது போலப் பிடிக்கிறார். தோளைத் திருப்பி மட்டையைப் பந்துக்கு மேலே தூக்கி வைக்கிறார். மட்டையின் முகம் லேசாக வானத்தைப் பார்க்கிறது. அங்கிருந்து முன்னோக்கிக் கீழே, மேசையில் சிந்திய மாவை ஓரத்துக்குத் தள்ளுவது போல. அவ்வளவுதான். வேலை முழுக்கத் தோளுக்கு, மணிக்கட்டு சும்மா கூட வருகிறது. மத்தியான வெயிலில் கோர்ட் காலியாக இருக்கும்போது பின்பக்கப் பயிற்சிச் சுவரில் போய் அடித்துப் பார்த்தார். காவலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரும் சுவரும் ஆடுது, யார் ஜெயிக்கறாங்கன்னு சொல்லுங்க என்றுவிட்டுப் போனார். முதலில் பந்து தலைக்கு மேலே பறந்தது. பிறகு வலை உயரத்தில் போனது. இரண்டாவது வாரக் கடைசியில், தாழ்வாகப் போய், விழுந்து, எழும்பாமல் ஓடியது. வலியும் இல்லை.

நல்ல மனதோடு வேலைக்குத் திரும்பினார். அந்த வாரம் பதினான்கு அட்டை.

என்ன தப்பு என்று ஞாயிறு முழுக்க யோசித்தார். பிடியா, தோளா, காலா என்று கண்ணாடி முன்னால் நின்று கையை வீசிப் பார்த்தார். கணவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வீசி முடித்ததும் கேட்டார், பந்து நீ நினைக்கிற இடத்துக்குப் போகுதா என்று. போகிறது. வேகம்? சரியாக இருக்கிறது. அப்புறம் ஏன் அட்டையைக் கழற்றுகிறார்கள்?

"எடுக்க முடியலைங்க அவங்களுக்கு."

"அப்ப நீ நல்லா அடிக்கிற. அதான் தப்பு."

பத்தொன்பது வருடம் பிறர் கைக்குத் தோதாக அடித்தவருக்கு இது எட்டவில்லை, லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவருக்கு எட்டியது. திங்கட்கிழமை முதல் சுவர் வெட்டைக் கெடுக்கப் பழகினார். கடைசி நொடியில் மட்டையின் முகத்தை இன்னும் கொஞ்சம் மல்லாத்தினால் பந்து மிதந்து போய், விழுந்து, உட்கார வைத்த மாதிரி எழும்பி நிற்கும். புத்தகத்தில் அதைப் பிழை என்று போட்டிருக்கிறார்கள். உறுப்பினர்களுக்கு அது பிடித்தது. மெதுவாக வருகிறது, யோசித்து அடிக்க நேரம் இருக்கிறது. ஒரே சங்கடம், மல்லாத்துவது மணிக்கட்டின் வேலை. வலி பழைய அளவு இல்லை, ஆனால் இருந்தது. மாலையில் மட்டையை இடது கையால் வாங்கிப் பைக்குள் வைப்பார். இரண்டாவது வாரம் பதினேழு அட்டை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கொக்கியில் பத்தொன்பது தொங்கியது.

அன்று காலையிலிருந்து ஐந்து மணி நேரம் முடித்திருந்தார். ஆறாவதாக ஆட வந்தவர் கிளப் செயலாளர். பந்து போடுபவர்களை அவர் கூப்பிடுவதே இல்லை. பலகையை எண்ணிவிட்டுத்தான் வந்தார் என்று கிளப்பில் சொல்கிறார்கள். இருபதாவதாகத் தன் அட்டையை மாட்டினார், கணக்கு நேராகட்டும் என்று. அவரும் நல்ல மனிதர்தான். ஆனால் நன்றாக ஆடுபவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சனிக்கிழமை மாலை என்பதால் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் மனைவியும் மாமனாரும் இருந்தார்கள். ஓரத்தில் பல் டாக்டர்.

ஐம்பது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பதினொரு புள்ளி ஆட்டம் ஒன்பதுக்கு ஒன்பது வரை வழக்கம்போல வந்தது. இனி இரண்டு புள்ளியை விட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் கையை வைக்கலாம். செயலாளர் அடித்த பந்து குட்டையாக ஃபோர்ஹேண்ட் பக்கம் வந்தது. சுவர் தோளைத் திருப்பி, மட்டையைத் தூக்கி, வழக்கமான பிழையைச் செய்யப் போனார். மணிக்கட்டு மடங்கவில்லை. ஆறு மணி நேரத்தில் அது மரத்துப்போயிருந்தது. மல்லாத்த வேண்டிய முகம் திரும்பாமல், பந்து வலையை ஒட்டித் தாழ்வாகப் போய் விழுந்து, செயலாளரின் காலணிக்குப் பக்கத்தில் வழுக்கி ஓடியது. அவர் குனிவதற்குள் வேலியில் மோதிவிட்டது.

பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள்.

பத்துக்கு ஒன்பது. பதறாமல் அடுத்த புள்ளியை விடப் பார்த்தார். பந்தை வெளியே அடித்திருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் வேண்டுமென்றே வெளியே அடித்ததே இல்லை என்கிறார். நல்ல பந்தாகப் போட்டு, அவர்களை அடிக்க விட்டுத்தான் தோற்பது. தோற்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. எனவே மெதுவான, மிதக்கிற ஒரு வெட்டைப் போட நினைத்தார். மணிக்கட்டு மறுபடியும் மடங்கவில்லை. இந்த முறை பந்து முன்னைவிடத் தாழ்ந்து ஓடியது. செயலாளர் நீட்டிய மட்டை தரையில் உரசியது.

செயலாளர் சிரித்துக்கொண்டேதான் கை கொடுத்தார். பிரமாதமான அடி என்றார். மாமனாரும் அதையே சொன்னார். எல்லோரும் கலைந்த பிறகு சுவர் அலுவலகத்துக்குப் போனபோது கொக்கியில் பத்தொன்பது அட்டை இருந்தது. எழுத்தர் இரண்டு தடவை எண்ணினார். ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். அவருடைய அட்டை அந்த வாரம் ஏற்கெனவே வேறொருவர் கொக்கியில் இருந்தது, ஒருவருக்கு வாரத்தில் ஒரே அட்டை. அதைச் சொல்லி வருத்தப்பட்டார். பிறகு, என் வெட்டைவிட உன்னுது நல்லா இருக்கும்மா என்றார். சுவர் தலையாட்டினார்.

கணவரிடம் சொன்னபோது அவர் மோட்டார் பெல்ட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதுக்கு ஒம்பதுல என்ன பண்ண நினைச்ச?"

"தோக்கத்தான் நினைச்சேன்."

"கை கேக்கலையா?"

"கேக்கலை."

சரி விடு, என்றைக்காவது ஒரு நாள் ஜெயிக்க வேண்டியதுதானே என்றார் அவர். மகள் மட்டும், அந்த ரெண்டு பந்தையும் நான் பார்க்கலையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வேறு வீடு பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். நான்காவது மாடி, அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் பார்த்துவிட்டு, நல்லது, லீவு நாள்ல யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க என்றார். சுவர் இனி காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் பந்து போடுவார். அடுத்த புதன்கிழமை ஆறு மணி ஆட்டத்துக்கென்று செயலாளரின் அட்டை இப்போதே அவர் கொக்கியில் மாட்டியிருக்கிறது. அந்த வெட்டைப் பழக வேண்டும் என்று எழுத்தரிடம் சொல்லியிருக்கிறார்.

சாமான் ஏற்ற வண்டி ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறது.