சின்னம்மா சொன்ன ஓகே

சுவிஸின் பீல் நகரத்தில் இரண்டு மொழிகள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு இரண்டுமே முழுதாக வந்து சேரவில்லை. ஆகவே அப்பா ஓகேயை வைத்துச் சமாளித்தார். கடிகாரத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பிரெஞ்சில் ஏசினால் ஓகே. கீழ்வீட்டுக்காரி, சலவை அறை இன்று உங்கள் முறை இல்லை என்று ஜெர்மனில் கத்தினால் ஓகே. பல்வலி எப்படி என்று அம்மா கேட்டாலும் ஓகேதான். அதற்குப் பொருள், என்னைச் சும்மா விடு. தொலைபேசியில் விடைபெறவே நாலைந்து ஓகே வேண்டும், அதற்குப் பிறகும் கதை தொடரும். ஒன்பது வயதில் அந்தச் சொல்லின் வகைகளெல்லாம் எனக்கு அத்துப்படி. பிறகு குடிவரவு அலுவலகக் கவுண்டரில் ஒரு வாழ்நாளைக் கழித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். புதிதாக ஒரு வகையும் சேரவில்லை.

ஊரில் போர் முடிந்த அடுத்த ஆண்டு சின்னம்மாவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். அம்மாவின் ஒரே தங்கை அவர். யாழ்ப்பாணத்து வீட்டில் தனியே இருந்தார். எதிரே ஆமிக் காம்ப், இராணுவ முகாம். இருட்டினால் அயல்வீட்டில் போய்ப் படுப்பார். தங்கையைச் சுவிசுக்குக் கூப்பிடச் சட்டத்தில் வழியில்லை, மனைவியைக் கூப்பிடலாம். இதைப் பின்னாளில் கவுண்டரில் எத்தனையோ பேருக்கு முகம் மாறாமல் நானே சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை பூம்ப்ளிஸ் என்ற ஊரில் சமையல்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய அக்காவும் எங்கள் சோபாவில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டார்கள். ஸ்கைப் என்றொன்று அப்போது இருந்தது. அதை விளக்க இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. மடிக்கணினிக்குள் சின்னம்மா புதுச் சேலையோடு இருந்தார். பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது முறை. மறுக்க முடியாதபடி எல்லோர் முன்னாலும் கேட்பதும் முறைதான்.

"என்ன பிள்ளை, உமக்கு விருப்பமோ?" என்றார் அப்பா.

படம் கொஞ்சம் உறைந்து நின்றது.

"ஓகே அத்தான்."

"பிறகென்ன, பொம்பிளை ஓமெண்டிட்டா!" மாப்பிள்ளையின் அக்கா கைதட்டினார். "டேய் தம்பி, ரோல்ஸை வைச்சிட்டு ஒருக்காச் சிரியன்ரா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ ஓமெண்டு சொல்லேல்லையே," என்றேன். "ஓகே எண்டுதான் சொன்னவ. அது விருப்பமில்லாத ஓகே."

அம்மா என் தொடையில் கிள்ளினார். சின்னப்பிள்ளைக் கதை என்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, முதன்முறையாகத் திரையை நேரே பார்த்தார்.

"அப்பிடியெண்டால் விடுவம் அண்ணை," என்றார் அப்பாவிடம். "வற்புறுத்திக் கட்டேலாது."

நல்ல மனிதர். எழும்பவும் எழும்பிவிட்டார்.

"ஐயோ, இல்லை!" திரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஓம் அத்தான், ஓம்! அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எனக்கு விருப்பம். ஓமெண்டு சொல்லுங்கோ அவரிட்டை, இருக்கச் சொல்லுங்கோ."

அவர் மறுபடி சோபாவில் இருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். கேட்கிற விதமாய்க் கேட்டால் பெரியவர்களும் உண்மையைச் சொல்வார்கள் என்று எனக்குப் பெரிய பெருமை. தட்டில் மிஞ்சிய ரோல்ஸை எடுத்துக்கொண்டேன். மடிக்கணினியில் சின்னம்மாவின் மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. இணைப்புச் சரியில்லை என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்தேன்.