அனுஜாவும் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களும்

என் தங்கை அனுஜாதான் வாசகசாலைப் போட்டியைக் கெடுத்தாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மண்டபத்தில் இல்லை. மீதிப் பேர் பிரியாணிப் பொட்டலம் கைக்கு வந்ததும் எழுந்து போனவர்கள். நான் முதல் கேள்வியிலிருந்து விளக்கு அணைக்கும்வரை இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அனுஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கிறாள். வேகவைத்த நண்டின் ஓட்டைத் திறந்து, விரல் நீளக் கத்தியால், சதை சிதையாமல், ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடச் சேராமல் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றே வேலை. உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்த மேசையில் நிற்கும் பெண்களுக்கு அவள் நாவல் சொல்வாள். ஒரு நாவலுக்கு ஒரு வாரம், சில நாவலுக்கு மூன்று வாரம். கதையை மட்டும் சொல்ல மாட்டாள். எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது, எந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதினார் எல்லாம் சொல்வாள்.

"எழுதினவன் ஊரு எனக்கு எதுக்குளா? அந்தக் கிழவன் செத்தானா இல்லையா, அதைச் சொல்லு" என்பாள் பக்கத்தில் நிற்கும் தேவகனி.

"எழுதினவன் ஊரு தெரிஞ்சாத்தான் கிழவன் ஏன் சாவலைன்னு தெரியும்."

"அப்ப சாவலையா! பாவி, நாளைக்கு உள்ளதை இன்னைக்கே சொல்லிட்டியே!"

பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. கல்லூரிக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் கிடையாது. எங்கள் தெரு வாசகசாலையில் ஆறு அலமாரிகள். ஆறையும் அவள் படித்து முடித்தாள். இரண்டு முறை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் மழையில் அந்த வாசகசாலைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் செயலாளர் கிளைட்டன் சார் வந்து பார்த்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னார். அனுஜா வண்டியை மறித்தாள்.

"எடுத்துக்கோம்மா. நாறுன புத்தகம்தானே" என்றார்.

இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். என் சைக்கிளில் ஒன்பது நடை. எப்படிக் காயவைப்பது என்று அவள் அழுதபோது நான்தான் வழி சொன்னேன். உப்பு மூட்டை கட்டும் இடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மீன் எப்படிக் காய்கிறதோ அப்படிப் புத்தகமும் காயும் என்று நினைத்தேன். வேலை பார்க்கும் கொட்டகையில் ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை புத்தகம், மறுபடி உப்பு என்று அடுக்கினேன். பத்து நாளில் ஈரம் போனது, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கருவாட்டு நூலகம்' என்று பெயர் வந்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

ஆனால் தாளுக்குள் புகுந்த உப்பு வெளியே வரவில்லை. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது இழுத்து வைத்துக்கொண்டது. கோடை முடியும் முன்பே பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்ட ஆரம்பித்தன. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது எங்கள் கொட்டகையில் சாக்குத் தைக்க வரும் பெண்களுக்குக்கூடத் தெரியும். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அனுஜா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, நண்டுக் கத்தியைக் கழுவி, அதன் நுனியால் பக்கம் பக்கமாகப் பிரித்தாள். நூற்றுத் தொண்ணூறு புத்தகங்களுக்கு மேல் மீட்டாள். சில புத்தகங்களில் சில இடங்களைத் தொட வேண்டாம் என்று விட்டுவைத்தாள். மழைக்கு முந்தின வாரம்தான் யாரோ வாசகசாலைக்குக் கொடுத்த, அவள் அதுவரை படித்திராத 'நங்கூரத் தெரு' என்ற பழைய நாவலில் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் அப்படி நின்றன. முத்துக்குளிக்கிற லாசர் என்பவனின் கதை. வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் வாசகசாலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார். வருடாவருடம் நடக்கும் இலக்கிய வினாடி வினாவில் ஜெயிக்கிறவருக்கே அந்த வேலையும் சாவியும் என்று குழு அறிவித்தது. படிப்புத் தகுதி தேவையில்லை என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார்கள். அப்படிப் போடச் சொன்னதே கிளைட்டன் சார்தான். கேள்விகள் எல்லாம் அவர் எழுதிய 'இலக்கிய வினா விடை ஆயிரம்' என்ற புத்தகத்திலிருந்து வரும். வேலை வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் அதை வாங்கியாக வேண்டும்.

அனுஜாவும் வாங்கினாள். ஒரே வாரத்தில் நாற்பத்துமூன்று தப்புகளுக்குப் பென்சிலால் கோடு போட்டாள்.

"அவரிடம் காட்டு" என்றேன்.

"போட்டி முடியட்டும்ண்ணே. இப்பக் காட்டுனா சாவிக்காகச் சண்டை பிடிக்கான்னு சொல்லுவாவ."

எனக்கு அந்தச் சாவி மேல் இருந்த ஆசை அவளுக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. வருடம் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடக்கும் அவள் விரல்களைத் தினமும் பார்க்கிறவன் நான்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அனுஜாவும், காயல்பட்டினத்திலிருந்து வந்த ஸஹ்லாவும். அந்தப் பெண் நூலக அறிவியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். மரியாதையான பெண். இருபது கேள்விகள் முடிந்தபோது இருவரும் பதினேழு. அனுஜா விட்ட மூன்றும் அவள் கோடு போட்ட கேள்விகள். புத்தகத்தில் இருந்த விடையைச் சொல்லாமல் சரியான விடையைச் சொன்னாள். மூன்று முறையும் நடுவராக இருந்த கிளைட்டன் சார் தப்பு என்று மணியை ஓங்கி அடித்தார்.

சமன் ஆனதால் ஒரே ஒரு கேள்வி. மைக்கைக் கையில் எடுத்து, அனுஜாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நங்கூரத் தெரு நாவலின் முடிவில் லாசர் என்ன ஆகிறான்?"

எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்கள் ஒட்டிக் கிடப்பது அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தேவகனி அதைச் சொல்லிச் சிரிக்காத கடை இல்லை. என் உப்பு என் தங்கையின் சாவியைத் தின்றுவிட்டது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாது சார். கடைசிப் பன்னெண்டு பக்கம் நான் படிக்கலை" என்றாள் அனுஜா.

ஸஹ்லா, "முத்துக்குளிக்கும்போது கடலில் மூழ்கி இறக்கிறான்" என்றாள்.

"சரியான விடை!"

கை தட்டினார்கள். அனுஜா உட்காரவில்லை.

"சார், அது தப்புன்னு தோணுது."

"தெரியாதுன்னு நீங்கதானே இப்பச் சொன்னிய?"

"முடிவு தெரியாதுன்னுதான் சொன்னேன். முந்தின பக்கம் வரைக்கும் தெரியும். லாசர் முங்கும்போது மேல கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கது அவன் பொண்டாட்டிகூடப் பிறந்தவன். தங்கச்சி தாலி போகட்டும்னு எந்த மச்சான் கயித்தை விடுவான்? அதுக்குத்தானே மச்சானைக் கயித்துக்கு நிறுத்துதது?"

மண்டபத்தில் பாதி கடலுக்குப் போகிற குடும்பங்கள். பின்னாலிருந்து ஒருவர், "எம் மச்சான் விடுவான்!" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது.

கிளைட்டன் சார் சிரிக்கவில்லை. "இது இலக்கியம்மா. உங்க நண்டு கம்பெனி இல்ல. அங்க பேசுத பேச்சை இங்கன பேசக்கூடாது" என்றார். மைக்கில் சொன்னார்.

நான் எழுந்தேன். எனக்கு முன்பே என் மனைவி பிளாரன்ஸ் எழுந்துவிட்டாள். "புஸ்தகம் எங்க வீட்டுலதான் இருக்கு. ரெண்டு வீடு தள்ளி. எடுத்துட்டு வாரேன், பாத்துருவோம்!" என்று கத்திக்கொண்டே வெளியே போனாள். வரும்போது நாவலோடு நண்டுக் கத்தியும் கொண்டுவந்தாள்.

அனுஜா மேசையில் உட்கார்ந்து பிரித்தாள். இருபது நிமிடம் ஆனது. ஒரு பக்கம் பாதியில் கிழிந்தது. ஆனால் எழுத்து தப்பியது. பிரித்து முடித்ததும் அவள் படிக்கவில்லை. ஸஹ்லாவிடம் கொடுத்து, "நீ படிம்மா. நான் படிச்சா நம்ப மாட்டாவ" என்றாள்.

ஸஹ்லா சத்தமாகப் படித்தாள். லாசர் சாகவில்லை. மூச்சு முட்டி மேலே வந்து தோணியைப் பிடித்தபோது, கயிற்றைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு மச்சான் செத்துக் கிடக்கிறான். மாரடைத்தும் அவன் கயிற்றை விடவில்லை. அதோடு நாவல் முடிகிறது.

கிளைட்டன் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "எப்படி இருந்தாலும் இவங்க தெரியாதுன்னு சொன்னாங்க. அவங்க ஒரு விடை சொன்னாங்க. நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றார்.

அப்போதுதான் ஸஹ்லா சொன்னாள். "சார், நான் அந்தக் கதையைப் படிக்கவே இல்ல. உங்க புத்தகத்தைத்தான் மனப்பாடம் பண்ணேன். இந்த மார்க் எனக்கு வேணாம்." வேலை தேவைப்படுகிற ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னாள் என்பதை நான் மறக்க மாட்டேன். அவளைத் தேடிப் போய்க் கைகொடுத்தவர்கள் குழுவில் யாரும் இல்லை.

போட்டி ரத்து என்று அறிவித்துவிட்டு அவர் இறங்கிப் போனார். கெடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

மறுவாரம் குழுவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் நல்லவர், பெயர் வேண்டாம்.

"சாவி உனக்குத்தான் அனுஜா. சார்கிட்ட ஒரே ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துரு."

"எதுக்குன்னு எழுதணும் அண்ணாச்சி?"

"சபையில அவமானப்படுத்துனதுக்கு."

"நான் தெரியாதுன்னுதானே சொன்னேன்?"

அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். நான் உள்ளே போய் வெள்ளைத்தாள் எடுத்து, கோடு போட்டு, தேதி எழுதி, அவள் முன்னால் வைத்தேன். வெட்கத்தோடுதான் வைத்தேன். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், விரல் காய்ந்து கிடக்கும், ஒரு வரிதானே என்றேன்.

"ஒரு வரிதான்ண்ணே. அதை எழுதிட்டு அந்த அலமாரிக்கு முன்னால நான் எப்படி உக்கார?"

தாளை மடித்துத் திருப்பித் தந்தாள். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குக் கம்பெனி வேன் வந்தது. ஏறிப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து 'இலக்கிய வினா விடை ஆயிரம்' திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. ஸஹ்லாவுக்கு இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அவள்தான் ஒரு பிரதி அனுப்பினாள். லாசர் உயிரோடு இருக்கிறான், மச்சான் இறக்கிறான் என்று அதில் இருக்கிறது. அனுஜா மேடையில் திருத்திச் சொன்ன மற்ற மூன்று விடைகளும் மாறியிருக்கின்றன. நன்றியுரையில் பதினோரு பேர். இரண்டு முறை எண்ணினேன். என் தங்கையின் பெயர் இல்லை. மீதி நாற்பது தப்புகள் அப்படியே இருக்கின்றன.

கிளைட்டன் சாரை நேரில் கேட்க நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அனுஜா வாசலில் நின்று அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள்.

"இப்பச் சரியா இருக்கு. விடுண்ணே" என்றாள்.

அவளுக்குச் சரியாக இருக்கலாம். எனக்கு இல்லை. வாசகசாலை இன்றுவரை பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்கிறார் கிளைட்டன் சார்.