ரெங்கத்தில் நின்ற இஞ்சின்

ரயில் இஞ்சினில் கரி அள்ளிப்போடுகிற பயர்மேன் வேலை என்றால் முகத்துக்கு நெருப்பு, முதுகுக்கு மழை. இரண்டையும் தாங்கிக்கொள்ளலாம், பார்க்க வேண்டிய ஆளைப் பார்க்காமல் கடந்து போவதைத்தான் தாங்க முடியாது. வேலை ஓர் ஊரிலும் வீட்டுக்காரி வேறோர் ஊரிலுமாக இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்து நிமிஷம்

நான் மலாயாவில், ஜொகூர் பாரு ரயில் ஷெட்டில் இருந்தேன். கல்யாணமானவனுக்கென்று தனி வீடு கிடையாது. ஓர் அறையில் எட்டுப் பேர். அதனால் அஞ்சலை ரெங்கத்தில், ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், அவள் அப்பாவோடு இருந்தாள். பால்மரம் வெட்டுகிற வேலை. எங்கள் பழைய இஞ்சின் பகல் ஒரு மணிக்கு ரெங்கத்தில் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிஷம் நிற்கும். அவள் வேலை முடிந்து, கையில் ஒட்டின பாலைக் கழுவி, வேலியோரம் வந்து நிற்பாள். தண்ணீர்க் குழாயை இஞ்சின் தொட்டிக்குள் விட்டுவிட்டு இறங்கி ஓடுவேன்.

ஒரு நாள் பேச்சில் குழாயை மறந்துபோனேன். தொட்டி நிரம்பி வழிந்தது. டிரைவர் ஹசான் மலாய்க்காரர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். மேலேயிருந்து கத்தினார்: "அலமாக்! இஞ்சின் குடிச்சு முடிச்சிருச்சு லா, இனி தண்டவாளத்துக்கும் ஊத்துறியா?"

சீமை இஞ்சின்

இங்கிலாந்திலிருந்து புது இஞ்சின் கப்பலில் வந்து இறங்கியது. பித்தளையெல்லாம் முகம் தெரிகிற பளபளப்பு. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மறுநாளே ஓட்டம், ஹசானோடு என்னையும் அதில் போட்டிருந்தார்கள். ஷெட்டே என்னைப் பொறாமையாகப் பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஷெட்டில் இஞ்சின் பழுது பார்க்கிற பிட்டர் அதன் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் காட்டுகிற வரைக்கும்.

"எவ்ளோ பெரிசு பாத்தீங்களா? இனிமே ரெங்கத்துல நிக்கவே வேணாம்!"

நிற்காத நாள்

அவளுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை. ரெங்கம் வந்தது. தூக்குச்சட்டியோடு வேலியோரம் நின்றவள், வண்டி வேகம் குறையாததைப் பார்த்துக் கூடவே நாலடி ஓடினாள். தலையை நீட்டிக் கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு அள்ளிப்போட்ட கரி பாதிக்குமேல் கீழேதான் விழுந்தது. 

மூன்று நாள் கழித்து, ரெங்கத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் ஜொகூர் பாருவுக்கு வந்தவர், என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "ஒங்க சம்சாரம் கேக்கச் சொன்னாங்க. நிக்காமப் போற அளவுக்கு அப்படி என்னா கோவமாம்?"

மனு

பழைய இஞ்சினை கூட்ஸ் வண்டிக்குத் தள்ளியிருந்தார்கள். அது இன்னும் தண்ணீர் பிடிக்க ரெங்கத்தில் நின்றுதான் போனது. என்னை அதிலேயே திரும்பப் போடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே மனு வாங்குகிற யாழ்ப்பாணத்துக் கிராணி இரண்டு தரம் படித்தார். காரணம் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் மேல ஏறத்தான் மனு எழுதுவினம். கீழ இறங்க மனு எழுதின ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

காலை எட்டு மணி

மனு பலித்தது. ஆனால் கூட்ஸ் வண்டி ரெங்கத்துக்கு வருவது காலை எட்டு மணிக்கு. அவள் மரம் வெட்டுகிற நேரம். இது எனக்கு உறைத்தது முதல் நாள் அங்கே இறங்கி நின்றபோதுதான். வேலியோரம் யாருமில்லை. தொட்டி நிரம்புவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் எட்டு மணி வண்டிக்கு மாறிவிட்டதை அவளிடம் சொல்லும்படி பாயிண்ட்ஸ்மேனிடம் சொல்லிவிட்டு ஏறினேன். அடுத்த வாரமெல்லாம் அப்படியேதான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, ரயில் பாதையை ஒட்டின மரங்களுக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு குரல். வெட்டுக்கத்தியும் வாளியுமாக அஞ்சலை வந்தாள். பாதையோரத்து மர வரிசையை, அந்த நிரையைத் தனக்குத் தரச் சொல்லிக் கங்காணியிடம் எட்டு நாள் கெஞ்சியிருக்கிறாள். என் கரி படிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க இஞ்சினை மாத்திக்கிட்டீங்க, நான் நிரையை மாத்திக்கிட்டேன். பேசுங்க, நேரமாவுது."

பிறகு சீமையிலிருந்து எத்தனையோ பெரிய இஞ்சின்கள் வந்தன, என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் அவற்றில் ஏறி டிரைவரானார்கள், நான் மட்டும் பத்து நிமிஷத்துக்காக கூட்ஸ் வண்டியிலேயே தங்கிவிட்ட பிழைக்கத் தெரியாதவன்.